ஐந்து மணிக்கு ஒரு பதில் குரல்

“ரெண்டு தடவை வாங்கித் தின்னேன்யா! ரெண்டு தடவை! ‘இன்னும் கொஞ்சம் போடு ரிவாய், நல்லா இருக்கு’ன்னு என் வாயால கேட்டு வாங்கினேன்!”

“நைரி, முதல்ல உள்ள வா. காத்து அடிக்குது.”

“உள்ள எதுக்கு? மிச்சம் இருக்கறதையும் வழிச்சுத் திங்கறதுக்கா?”

குழம்புக் கரண்டி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. பேசப் பேச அதை ஆட்டினாள். ரிவாயின் வெள்ளைச் சட்டையில் சொட்டுச் சொட்டாகக் கொழுப்பு விழுந்தது. அந்தச் சட்டையை அவன் கடைசியாகப் போட்டது நைரியின் புருஷன் காலினைப் புதைத்த அன்று. எட்டு வருஷம் பெட்டியில் கிடந்த மடிப்புகூட இன்னும் போகவில்லை.

“எங்க பிடிச்சே? இன்னொரு தடவை சொல்லு, ஊர் கேக்கட்டும்.”

“அதான் சொன்னேனே. உன் தண்ணித் தொட்டிக்குப் பின்னால.”

“என் தண்ணித் தொட்டி! மூணாவது கேட்டைத் தாண்டிப் பிடிக்கணும்னு உங்கப்பன் சொல்லிக் கொடுக்கலையா?”

“முட்டி வலி, நைரி. மூணாவது கேட் வரைக்கும் நடக்க முடியல.”

“அப்போ ஆட்டுக்கறி ஆக்கியிருக்கலாமே!”

பக்கத்து வீட்டு பெவ், ஒரு மணி நேரத்துக்கு முன்பே காய்ந்து எடுத்த துணியையெல்லாம் மறுபடியும் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். இருட்டப் போகும் நேரத்தில் துணி காயப்போடுகிறவள் எதற்குப் போடுகிறாள் என்பது எங்கள் படகுத்துறையில் எல்லோருக்கும் தெரியும். மொத்தம் ஏழு வீடு. பெவ் பார்த்தால் ஏழு வீடும் பார்த்த மாதிரி.

சண்டைக்குக் காரணமான உயிர் ஒரு வெகா. பழுப்பு நிறம், கோழி அளவு. சிறகு உண்டு, ஆனால் அதை வைத்துக்கொண்டு வேலியைக்கூடத் தாண்டாது. ஓட்டம், திருட்டு, அதிகப்பிரசங்கித்தனம் மூன்றிலும் கெட்டி. கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய தீவில் அதைத் தொட்டால் வழக்கு. எங்கள் சாத்தம் தீவில் தொட்டால் குழம்பு. சட்டமே அப்படித்தான். ஆனால் சட்டத்துக்கு மேலே எங்கள் துறைக்கென்று ஒரு முறை இருக்கிறது: வீட்டைச் சுற்றித் திரிவது ‘வீட்டு வெகா’, அதைத் தொடக் கூடாது; மூன்றாவது கேட்டுக்கு அப்பால் திரிவதுதான் சட்டிக்கு. நைரியின் வீட்டு வெகாவுக்கு டாட்டி என்று பேர். தினமும் காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டி, சிவப்புப் பிளாஸ்டிக் கிண்ணத்தில்.

“கால்ல நீல நூல் இருந்துச்சா?” என்றாள் நைரி. குரல் இறங்கியிருந்தது. இறங்கினது ரிவாய்க்கு இன்னும் பயமாக இருந்தது.

“பார்க்கலையே. மழை, சேறு. ஒரே சேறா இருந்துச்சு. தீவுல ஆயிரம் வெகா இருக்கு, நைரி. இது வேற எதாவதா இருக்கும்.”

“காலைலேர்ந்து டாட்டி வரலை.”

“வருவா.”

“காலைல கதவைத் திறந்தா, என்னைப் பார்க்கன்னு இந்தத் தீவுல வர்ற உயிர் அது ஒண்ணுதான்யா. இனி யாருக்காக இங்க உக்காந்திருக்கேன்? என் மக ஜோசி கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கா. பெரிய தீவுக்கே, டிமருக்குப் போயிடறேன்.”

கரண்டியை அவன் வாசற்படியில் வைத்தாள். எறியவில்லை. குனிந்து, பத்திரமாக வைத்துவிட்டுப் போனாள்.

ரிவாய் அங்கேயே நின்றான். அறுபத்தொரு வயது, சிங்கி இறால் பிடிக்கிறவன், ஆள் படகுக் கொட்டகைக் கதவு மாதிரி இருப்பான். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று அவனிடம் கேட்டால், “நேரம் கிடைக்கல” என்பான், ஏதோ பல் டாக்டரிடம் போகாததற்குச் சொல்வது மாதிரி. காலின் உயிரோடு இருந்தபோது இருவரும் ஒரே படகில் போனவர்கள். காலின் மாரடைப்பில் போன பிறகு, நைரி வீட்டு விறகு வெட்டுவது, கூரைத் தகரம் அடிப்பது, தண்ணீர்த் தொட்டியில் விழுந்த எலியை எடுப்பது எல்லாம் ரிவாய்தான். வாசலோடு வேலையை முடித்துக்கொண்டு, தொப்பியைத் தொட்டுவிட்டு வந்துவிடுவான். எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தையும் ஒரு மூச்சில் பேசித் தீர்த்துவிடலாம் என்று எண்ணித்தான் அன்றைக்கு அவளைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். அவன் வீட்டில் ஒரே ஒரு தட்டு இருந்தது. பெவ்விடம் இன்னொன்று இரவல் வாங்கினான். “யாருக்கு?” என்று பெவ் கேட்டதற்கு, “உடைஞ்சா மாத்துறதுக்கு” என்றானாம். பெவ் அன்றிலிருந்தே வேலியோரம்தான் இருந்தாள்.

கறி கொழுப்பாக இருக்க வேண்டும் என்று ஆசை. குச்சி நுனியில் சிவப்புத் துணியைக் கட்டி ஆட்டினால் வெகா என்னவென்று பார்க்க ஓடிவரும்; இன்னொரு குச்சியில் சுருக்கு. அவன் சின்னப் பையனாக இருந்தபோதிருந்து செய்கிற வேலை. காட்டு வெகா என்றால் கொஞ்சம் யோசிக்கும், சுற்றி வரும், கழுத்தை நீட்டிப் பார்க்கும். இது யோசிக்கவே இல்லை. சிவப்பைப் பார்த்ததும், தினமும் ரொட்டிக்கு ஓடிவருகிற மாதிரி நேராக ஓடிவந்தது. அப்போதே தோன்றியிருக்க வேண்டும். ரிவாய்க்கு, ‘அடேயப்பா, என்ன கொழுப்பு’ என்றுதான் தோன்றியது.

அவள் வீட்டுக் கதவு சாத்திய சத்தம் கேட்ட பிறகு, பின்பக்கம் போய், இறகும் காலும் போட்டிருந்த வாளியைக் கவிழ்த்தான். ஒரு காலில் சேறு கெட்டியாக அப்பியிருந்தது. குழாயடியில் பிடித்துக் கழுவினான். சேறு கரைந்து கீழே நீலம் வந்தது. நைரி தன் பழைய ஸ்வெட்டரிலிருந்து பிரித்த நூல், இரண்டு முடிச்சு.

நூலை அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அதைக் கொண்டுபோய் அவளிடம் கொடுப்பதுதான் ஒழுங்கு என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கொடுத்தால் அடுத்த வியாழக்கிழமை விமானத்தில் அவள் இருப்பாள் என்பதும் தெரியும்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குத்தான் அடுத்த வம்பு ஆரம்பித்தது.

வெகாக்கள் ஜோடியாகத்தான் கூப்பிடும். வெளிச்சம் மங்கினதும் ஆண் தடித்த குரலில், இழுத்து இழுத்து, கூ-ஈ, கூ-ஈ என்று தொடங்கும். பெண் கொஞ்சம் மேலே, அவசர அவசரமாகப் பதில் கொடுக்கும். வீட்டுக்குள் புருஷன் ஒன்று சொல்ல, அடுப்படியிலிருந்து பெண்டாட்டி ஒன்பது சொல்கிற மாதிரி இருக்கும். டாட்டிக்கும் ஒரு புருஷன் இருந்தான். அவன் நைரியின் வாசலுக்கு வந்ததே இல்லை. அதனால் அவனுக்குப் பேர்கூட வைக்கப்படவில்லை. ‘டாட்டி புருஷன்’ அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வாள் மாதிரி இலைகள் ஆளுயரத்துக்கு நிற்கிற ஃபிளாக்ஸ் புதரில் குடித்தனம்.

அன்றைக்கு அவன் தனியாகக் கூப்பிட்டான். நிறுத்திக் காத்திருந்தான். மறுபடியும் கூப்பிட்டான். ஏழு வீட்டிலும் பேச்சு நின்றது. இருபது தடவை இருக்கும். நைரி எழுந்து வந்து, மழை இல்லாத அன்றைக்கு, ஜன்னலைச் சாத்தினாள்.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நைரி தபால் பை வருகிற நேரத்துக்குப் பெவ் நடத்துகிற கடைக்குப் போய், வீட்டை விற்க எந்த ஆளுக்கு எழுத வேண்டும் என்று விசாரித்தாள். அந்தச் செய்தி ரிவாயின் காதுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்கிறீர்கள்? அவன் படகை டிராக்டரால் கரைக்கு இழுத்து முடிப்பதற்குள்.

அன்று மாலை அவன் வீட்டுக்குப் போகவில்லை. ரப்பர் கால்சட்டையோடு, மீன் நாற்றத்தோடு, நைரியின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் புதருக்குள் குந்தினான். டாட்டி புருஷன் கூப்பிட்டான். ரிவாய் இரண்டு விரலை மடக்கி வாயில் வைத்து, பெண் வெகா மாதிரி பதில் விசில் அடித்தான்.

அந்தக் கை, அந்த உடம்பு, அதிலிருந்து அப்படி ஒரு மெல்லிய அவசரக் குரல் வரும் என்று யாரும் நம்ப மாட்டார்கள். பறவையே முதலில் நம்பவில்லை, சட்டென்று நின்றது. பிறகு கூப்பிட்டது பாருங்கள், மூன்று நாள் சேர்த்துவைத்ததையெல்லாம் கொட்டிற்று. ரிவாய்க்கு மூச்சு வாங்கியது. ஒரு பெண்டாட்டியாக இருப்பது இவ்வளவு வேலை என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

ஜன்னல் திறந்தது. நைரியின் தலை வெளியே வந்தது. கையில் உருளைக்கிழங்கு சீவுகிற கத்தி.

“டாட்டி?” என்றாள்.

ரிவாய் மூச்சை அடக்கிக்கொண்டான். பிறகு, வேறு வழியில்லாமல், இன்னொரு தடவை பதில் சொன்னான்.

மறுநாள் காலை நைரி அவன் வாசலில்.

“ரிவாய், நான் ஒரு பைத்தியக்காரி. டாட்டி உயிரோடதான் இருக்கா.”

“அப்படியா?”

“நேத்து கேட்டேன், அவ குரல். வாசலுக்குத்தான் வர மாட்டேங்கறா. உன் சிவப்புத் துணியைப் பார்த்த பிறகு எந்தப் பொம்பள வெளிய வருவா? பயந்து போயிருக்கா. நீ தின்னது எதோ தலையெழுத்து சரியில்லாத வேற வெகா.”

“நீயும்தான் தின்னே.”

“நானும்தான்,” என்று சிரித்தாள். எட்டு வருஷத்தில் அவன் வாசலில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. “உன்னை என்னவெல்லாம் பேசிட்டேன்! புதன்கிழமை சாப்பிட வா. சரியா அஞ்சு மணிக்கு. ரெண்டு பேரும் கூப்பிடுறதைக் கேட்டுக்கிட்டே சாப்பிடலாம்.”

ரிவாய் வாயைத் திறந்தான். அப்போதுதான் கணக்குப் புரிந்தது. அஞ்சு மணிக்கு அவன் மேசையில் இருந்தால், புதரில் யார் இருப்பது?

“புதன்கிழமை... எஞ்சின்ல ஒரு வேலை இருக்கு,” என்றான்.

அடுத்த புதன்கிழமை இறால் கூடு பின்னுகிற வேலை. அதற்கடுத்தது முட்டி வலி. எங்கள் பக்கம் ராச்சாப்பாடே ஐந்து, ஐந்தரைக்குத்தான். சூரியனும் குளிர்காலத்தில் அதே நேரத்துக்குத்தான் அடையும். வெகாவும் அப்போதுதான் வாய் திறக்கும். அதில் யார் என்ன செய்ய முடியும்?

வேடிக்கை என்னவென்றால், அவன் குந்தியிருந்த இடத்திலிருந்து நைரியின் சமையலறை இருபது அடி. மேசை தெரியும். மேசையில் இரண்டு தட்டு தெரியும். அவள் மூடியைத் திறந்தால் ஆவி தெரியும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் வாசனைகூட வரும். கழுத்து வழியாக மழைத் தண்ணீர் இறங்க, அவன் அங்கே உட்கார்ந்து, அவள் எதிர்த் தட்டைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே விசில் அடித்தான். விசில் கேட்டதும் அவள் முகம் தெளியும். அந்த ஒன்றுக்காக மறுநாளும் போவான். ஒரு நாள் காற்று அறுபது மைலுக்கு வீசியது. படகுகளே போகவில்லை, அவன் புதருக்குப் போனான்.

நைரியைத் தவிர மீதி ஆறு வீட்டுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. நல்ல மனசால் யாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். தொலைக்காட்சி ஒழுங்காகத் தெரியாத துறை. கிடைத்த ஒன்றைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? ஐந்து மணி ஆனால் பெவ் ரேடியோவை நிறுத்திவிடுவாள். “இன்னிக்குக் குரல் கொஞ்சம் கம்மியா இருக்கு, சளி பிடிச்சிருக்கும்,” என்று கடையில் பேச்சு நடக்கும்.

ஆனால் பெவ்வுக்கே ஒரு நாள் பொறுக்கவில்லை. பெட்ரோல் போட வந்தவனைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏம்ப்பா, கல்யாணமாகி எத்தனை நாளாச்சு?”

“யாருக்கு?”

“உனக்குத்தான். அந்தப் பறவைக்கும் உனக்கும்.”

ரிவாய் பெட்ரோல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒரு நாளைக்கு விசில் அடிக்காமப் போய் அவ வீட்ல சாப்பிடேன்யா. என்ன ஆயிடும்?”

“பதில் வரலன்னா அவ போயிடுவா, பெவ்.”

“பதில் வருது சரி, நீ எங்க இருக்கே? புதர்ல இருக்கே. அவ என்கிட்ட சொன்னா, ‘ரிவாய்க்கு என்னைப் பார்க்கவே பிடிக்கல போல, கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே வெக்கமா இருக்கு’ன்னு. ரெண்டாவது தட்டை இப்ப வைக்கிறதில்லையாம்.”

அது ரிவாய்க்குத் தெரியும். பெவ்வுக்கு முன்னாலேயே தெரியும். போன செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரு தட்டுதான்.

“அவகிட்ட உண்மையைச் சொல்லு,” என்றாள் பெவ்.

“சொன்னா?”

“திட்டுவா. கரண்டியால அடிப்பா. அடிக்கறதுக்காவது பக்கத்துல வருவால்ல?”

சொல்லலாம் என்றுதான் இருந்தான். நாளைக்கு, நாளைக்கு என்று ஜூலை போயிற்று. சிங்கி இறால் பிடிக்கிறவனுக்குப் பொறுமை அதிகம். கூட்டை இறக்கிவிட்டுக் காத்திருந்தே பழகினவன். எதுவும் தானாக உள்ளே வரும் என்று நினைப்பான்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் நைரியே அவன் படகுக்கு வந்தாள். மணலில் கால் புதைய நின்று, கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு சொன்னாள்.

“வீட்டை வித்துட்டேன், ரிவாய். பெரிய தீவுலேர்ந்து ஒரு இளம் ஜோடி வாங்குறாங்க. தேன் எடுக்கப் போறாங்களாம்.”

“இந்தக் காத்துலயா?”

“நான் சொல்லல. வந்து தெரிஞ்சுக்கட்டும். வியாழக்கிழமை விமானம்.”

ரிவாய் கையிலிருந்த கயிற்றை முடிச்சுப் போட்டான், அவிழ்த்தான், மறுபடி போட்டான்.

“டாட்டி?” என்றான். அவனுக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை.

“அதான் நிம்மதி. டாட்டியை நினைச்சாத்தான் போக மனசு வராம இருந்துச்சு. இப்ப தெரிஞ்சுபோச்சே, அவளுக்குப் புருஷன் இருக்கான், தினமும் பேசிக்கறாங்க, நான் இல்லாட்டியும் அவ தனியா இல்ல. ஜோசிக்கு அக்டோபர்ல குழந்தை. நான் தேவைப்படுற இடத்துக்குப் போறேன்.” மணலில் புதைந்த காலை உருவிக்கொண்டாள். “இங்க யாராவது இருன்னு சொல்லியிருந்தா வேற மாதிரி இருந்திருக்கும். யாரும் சொல்லல.”

இருக்க வைப்பதற்காக எண்பது நாள் மழையில் குந்தினவன், அதே விசிலால்தான் அவளை அனுப்பிவைக்கிறான் என்பது அவன் மண்டைக்குள் போய் இறங்க நேரமாயிற்று. இறங்கியபோது அவள் மணல்மேட்டைத் தாண்டியிருந்தாள். திரும்பிக் காற்றுக்கு மேலே கத்தினாள்:

“புதன்கிழமை வர்றதுன்னா வா. அஞ்சு மணிக்கு. வர மாட்டே, தெரியும். சொல்லி வைக்கிறேன்.”

புதன்கிழமை ரிவாய் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டான். கொழுப்புக் கறை போகவில்லை. பொழுது சாய்கிற நேரம் பெவ் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். அவன் புதர்ப் பக்கம் திரும்பாமல் முன் கேட் வழியாகப் போனதைப் பார்த்துக் கையிலிருந்த தலையணை உறையைக் கீழே போட்டுவிட்டாள்.

வீட்டில் பாதிச் சாமான் பெட்டிக்குள். சுவரில் படம் இருந்த இடமெல்லாம் வெளுத்த சதுரங்கள். மேசையில் ஒரு தட்டுதான் இருந்தது. அவனைப் பார்த்ததும் நைரி கட்டிவைத்த பெட்டி ஒன்றைப் பிரித்து, செய்தித்தாளில் சுற்றியிருந்த இன்னொரு தட்டை எடுத்தாள். துடைத்து வைத்தாள்.

“காட் மீன். வெகா இல்ல,” என்றாள்.

“நல்லது.”

இருவரும் உட்கார்ந்தார்கள். உள்ளே இருந்து பார்க்கும்போது ஜன்னல் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று ரிவாய்க்கு ஆச்சரியமாக இருந்தது. புதர் அசைந்தது. அங்கே யாரும் இல்லை.

ஐந்தேகாலுக்கு டாட்டி புருஷன் தொடங்கினான். கூ-ஈ. கூ-ஈ. கூ-ஈ.

நைரி முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். கடைசி நாள் அல்லவா. ரிவாயின் விரல்கள் தானாக மடங்கின. தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டான். பறவை நிறுத்திற்று. காத்திருந்தது. சமையலறைக் கடிகாரம் மட்டும். மறுபடி கூப்பிட்டது.

அவள் நெற்றி சுருங்குவதைப் பார்த்தான். இதோ, இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான்.

புதருக்குள்ளிருந்து பதில் வந்தது. மேலே, மெல்லிசாக, அவசர அவசரமாக. அடுப்படியிலிருந்து ஒன்பது சொல்கிற மாதிரி.

ரிவாய் நாற்காலியோடு ஆடிப்போனான். தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நிஜமாகவே தொட்டுப் பார்த்தான்.

“பாரு, இருக்கா,” என்றாள் நைரி. முகம் தெளிந்துவிட்டது. “ஒரு வாரமா இன்னும் ஜாஸ்தி பேசறா. சில நாள் ஒரே நேரத்துல ரெண்டு குரல் கேக்கற மாதிரி இருக்கும். எதிரொலின்னு நினைச்சுக்குவேன்.”

முப்பத்தைந்து வருஷம் படகு எஞ்சின் பக்கத்தில் நின்றதில் ரிவாய்க்கு இடது காது பாதிதான். ஒரு வாரமாக, அந்தப் புதரில், அவனுக்கு இடது பக்கத்தில் உண்மையான பெண்டாட்டி ஒருத்தி வந்து உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். இவன் அவளோடு போட்டி போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அந்த ஒரு வாரத்தில் எந்த நாள் வேண்டுமானாலும் அவன் இந்த மேசைக்கு வந்திருக்கலாம்.

“அது டாட்டி இல்ல, நைரி.”

“பின்ன?”

சட்டைப் பையிலிருந்து நீல நூலை எடுத்து, உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டு முடிச்சின் சுருக்கம் இன்னும் அதில் இருந்தது. அவள் தொடவில்லை, பார்த்தாள்.

“அப்போ நான் கேட்டது?”

“இது புது ஆள். அவன் வேற கட்டிக்கிட்டான். அதுக்கு முன்னால...” ரிவாய் இரண்டு விரலை மடக்கி வாயில் வைத்தான். விசில் சரியாக வரவில்லை. ஆனால் போதுமான அளவு வந்தது. வெளியே புதரில் ஒரு கணம் எல்லாம் அமைதியானது.

நைரி நூலை எடுத்து விரலில் சுற்றினாள்.

“எத்தனை நாள்?”

“எண்பத்து மூணு. இன்னிக்கு இல்லாம.”

“மழையிலயா?”

“மழையிலயும்தான்.”

“அந்தப் புதர்லயா? அங்கேர்ந்து இந்த மேசை தெரியுமே.”

“தெரியும்.”

“நான் ரெண்டு தட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தது?”

“தெரியும்.”

“பாவி,” என்றாள் அவள், மெதுவாக. “ஒரு சத்தம் கொடுக்கலாமே. மனுஷன் மாதிரி ஒரு சத்தம்.”

பெண் வெகாவாக எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேசுகிறவனுக்குத் தன் சொந்தக் குரலில் ஒரு வரி வரவில்லை. அவள் எழுந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். கரண்டியை எடுத்தாள். அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனும் இரண்டு உருளைக்கிழங்கும் வைத்தாள்.

“ரெண்டாம் தடவை வாங்கிக்க. நானும் வாங்கித் தின்னேன்ல?”

அவன் தின்றான். அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே அந்தப் புது ஜோடி, யாரைப் பற்றியும் கவலை இல்லாமல், இருட்டும்வரை கத்தித் தீர்த்தது.

அவள் வியாழக்கிழமை போய்விட்டாள். கதையில் மாதிரி விமானத்தின் படிக்கட்டிலிருந்து யாரும் திரும்பி ஓடிவரவில்லை. வீடு விற்றாகிவிட்டது, ஜோசிக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. சாமான்களை ரிவாய்தான் டிராக்டரில் கொண்டுபோனான். கிளம்பும்போது ‘இரு’ என்று சொன்னானா என்று பெவ் அவனை எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். “சொன்னேன்,” என்றானாம். “எஞ்சின் சத்தத்துல கேட்டிருக்காது.”

டாட்டி புருஷனுக்கும் அந்தப் புதுப் பெண்டாட்டிக்கும் செப்டம்பரில் நான்கு குஞ்சு. தேன் எடுக்க வந்த ஜோடி ஒரு குளிர்காலம் தாங்கியது. தேனீக்கள் அதுகூடத் தாங்கவில்லை, முதல் தென்மேற்குக் காற்றிலேயே போய்ச் சேர்ந்தன. புருஷன் முதலில் போனான். பெண் இரண்டு மாதம் கழித்துப் போனாள். இருவரும் ஒரே ஊருக்குப் போகவில்லை என்று கேள்வி. பெவ்வின் மகள் எங்கள் தீவின் ஒரே போலீஸ்காரனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, துறையில் இருந்த தன் வீட்டைப் பூட்டிவிட்டு, அவனோடு மாற்றலாகிப் போனாள். எங்கள் துறையில் வேறு கல்யாணம் எதுவும் நடக்கவில்லை. இப்போது ஐந்து வீட்டில்தான் விளக்கு எரிகிறது.

ரிவாய் இருக்கிறான். இரவல் வாங்கின தட்டைப் பெவ் திருப்பிக் கேட்கவில்லை, அவனும் கொடுக்கவில்லை. தினமும் ஐந்து மணிக்கு டிமருக்குப் போன் போடுகிறான். அவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று பெவ் சொல்வாள், நம்பாதீர்கள். வயர் போகிற தூரத்துக்குப் போனை இழுத்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பான், அவ்வளவுதான். எங்கள் தீவின் கடிகாரம் பெரிய தீவை விட முக்கால் மணி நேரம் முந்தியது. இங்கே இருட்டிக்கொண்டு வரும், வெகாக்கள் கத்தும். அங்கே மணி நாலேகால்தான். நைரி பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, துணிக்கொடியடியில் நல்ல வெயிலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாளாம்.